டூக்குக்குப் பாதி, பாக்கியத்துக்குப் பாதி

என் சின்னப்பா மகன் சின்னராசாவுக்கு மீசை முளைத்து, அந்த மீசைக்கு ஒரு கல்யாணமும் நடந்த பிறகும் ஊசிக்கல் தோட்டத்தில் அவன் வேலைக்குப் பெயர் "நாய்ப் பையன்"தான். துரை பங்களாவில் சமையலுக்கு ஒரு அப்பு, பூமரத்துக்கு ஒரு ஆள், மாட்டுக்கு ஒரு ஆள், நாய்க்கு ஒரு பையன். அந்தக் காலத்து ஒழுங்கு அது. நாய்க்குப் பையனாகப் போனவன் கிழவனாகிச் செத்தாலும் பையன்தான்.

மடுல்சீமையில் பஸ் வந்து மூச்சு வாங்கித் திரும்பிப் போகுமே, அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் ஊசிக்கல். என் அப்பாவும் சின்னப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒருத்தரோடு ஒருத்தர் பேசமாட்டார்கள். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராதான். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். அதனால் சின்னராசா வீட்டு விசயம் எதையும் யாரும் வந்து எனக்குச் சொல்லத் தேவையில்லை. சின்னப்பா வாலிபத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னம்மா அங்கம்மா போகவில்லை. அவளைக் கூட்டிப்போக எமனுக்கே கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கும்.

சின்னராசா முதலில் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதில் ஒருநாள், ஆம்பிளைகள் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலைக்குத் துரை வந்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர், அதனால் நாங்கள் அவரைக் கண்ணாடித் துரை என்போம். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்திருக்கும். கூடவே அவருடைய நாய். அல்சேசன் சாதி, கன்றுக்குட்டி உயரம். பெயர் டியூக். எங்கள் வாயில் அது டூக்கு.

வந்த நாய் நின்ற இடத்தில் நின்று ஒரு வெட்டுக்குச்சியை முறைத்துப் பார்த்தது. பிறகு தொப்பென்று சாய்ந்தது. நாலு காலும் சைக்கிள் மிதிக்கிறது, வாயில் நுரை, கண் வெள்ளையாகிவிட்டது. "வெறி நாயி! வெறி நாயி!" என்று அழகையா கங்காணி முதலில் ஓடினார். கங்காணி எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்கவேண்டியவர் அல்லவா? அவர் பின்னால் அத்தனை ஆம்பிளையும் ஓடினார்கள். துரை துப்பாக்கி கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார்.

சின்னராசா மட்டும் ஓடவில்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்பது எங்கள் சனத்துக்குத் தெரிந்த வைத்தியம். சாவிக்கொத்து, அரிவாள், எது இருக்கிறதோ அது. அவன் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. பாய்ந்து போய் நாயின் மேல் குந்தி, கத்தியின் முதுகுப்பக்கத்தை அதன் முன்னங்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

துரை திரும்பிப் பார்த்தால், கூலிக்காரன் ஒருத்தன் தன் நாயின் மேல் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறான்.

"ஏய்! நாய் வெட்டுறது! நாய் வெட்டுறது!" என்று துரை கத்திக்கொண்டு ஓடிவந்தார். கால் தடுக்கி மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்தார். அவர் கானிலிருந்து எழும்பி வருகிறதுக்குள் நாய்க்கு வலிப்பு விட்டுப்போய்விட்டது. அது எழும்பி நின்று, ஆடி, சின்னராசாவின் முகத்தை நக்கியது.

"இரும்பு குடுத்தேனுங்க தொரை. சரியாப் போச்சு" என்றான் இவன்.

வலிப்பு தானே வரும், தானே போகும். இரும்பு கொடுத்தாலும் போகும், இடியப்பம் கொடுத்தாலும் போகும். அது எனக்கு இப்போது தெரியும், அப்போது துரைக்கும் தெரியாது. மறுநாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் சின்னராசாவைக் கூப்பிட்டு, இனி உனக்கு மலையில் வேலை இல்லை, பங்களாவில் நாயைப் பார், உனக்குப் பேர் விழும் என்று சொல்லிவிட்டார்கள். பேர் விழுகிறதென்றால் அன்றைக்குச் சம்பளம் உண்டு என்று அர்த்தம். மழையில் நனையாமல், அட்டை கடிக்காமல், ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பேர்! லயமே வயிறெரிந்தது. சின்னம்மா மட்டும், "எங்க பரம்பரையில ஒருத்தனும் நாய் மேச்சதில்ல" என்று மூக்கைச் சிந்தினாள். அவள் பரம்பரையில் ஒருத்தனும் ஒன்றும் மேய்த்ததில்லை. அது வேறு கதை.

பதுளையிலிருந்து மிருக டாக்டர் வந்து பார்த்து, இது வெறி இல்லை, வலிப்பு என்று சொன்னார். காலையில் ஒரு குளிசை, பொழுதுசாய ஒரு குளிசை. மல்லி விதை அளவுதான், வெள்ளை. கொழும்பிலிருந்து வரவேண்டும். அதை மாட்டிறைச்சிக்குள் பொதிந்து டூக்குக்குக் கொடுக்கிறதுதான் சின்னராசாவின் முக்கிய உத்தியோகம். இறைச்சியை விழுங்கிவிட்டுக் குளிசையைத் துப்புகிற வித்தை டூக்குக்குத் தெரியும். துப்பினதைத் தேடி எடுத்துத் திரும்பக் கொடுக்கிற வித்தை சின்னராசாவுக்கும் பழகிவிட்டது.

வலிப்பு நாயோடு வாழ்கிறது எப்படியென்று அவன் எங்களிடம் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திச் சொல்லுவான். வருகிறதுக்கு முன்னால் டூக்கு வெறும் சுவரைப் பார்க்குமாம், உதட்டை நக்குமாம், அவன் காலுக்குள் வந்து தலையை முட்டுமாம். உடனே இவன் கதிரை மேசையெல்லாம் தள்ளிவைத்து, தலைக்கு ஒரு சாக்கை மடித்துக் கொடுத்து, பக்கத்தில் குந்தி மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா, முடியப் போகுது." முடிந்த பிறகு நாய்க்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது. சுவரில் முட்டும். துரையைப் பார்த்தே உறுமும். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, தேசத்தையே தின்னுகிற மாதிரித் தின்னும். பங்களாச் சாவிக்கொத்து எப்போதும் சின்னராசாவின் இடுப்பில்தான். நாய்க்கு எந்நேரம் இரும்பு தேவைப்படுமோ தெரியாதே.

துரைசானிக்கு அந்த நாயைக் கண்ணில் காட்டக்கூடாது. கம்பளமெல்லாம் மூத்திரம். ஒரு தடவை கம்பெனியிலிருந்து வெள்ளைக்கார வீ.ஏ. துரை வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறதுதான் அவருடைய வேலை. துரைக்கே துரை. அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது டூக்கு அவர் காலடியில் விழுந்து, இழுத்து, சப்பாத்துக்குள் பெய்துவிட்டது. அன்றைக்குக் கண்ணாடித் துரை சின்னராசாவிடம் சொன்னார்: "இன்னொரு தடவை வீ.ஏ. தொரை முன்னாடி விழுந்தா, நாய் சுடுறது. தெரிஞ்சுதா?"

தெரிந்துகொண்டான்.

இந்தச் சமயத்தில்தான் கல்யாணம். பெண் பாக்கியலெட்சுமி, லுணுகலைப் பக்கத்துத் தோட்டம். என் அம்மா வழியில் ஒன்றுவிட்ட மாமன் இராசையாவின் மூன்றாவது மகள். அந்த இராசையா மாமன் வாய் ஓயாமல் பேசுகிறவர். ஆனால் மகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து காக்காய் வலிப்பு என்பதை மட்டும் பேச மறந்துவிட்டார்.

மறுவீடு போய்த் திரும்பிய கையோடு பாக்கியம் அடுப்படியில் விழுந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பாத்திரம் உருள்கிற சத்தம், சின்னம்மா கத்துகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சின்னராசா அடுப்பிலிருந்து அவளை இழுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குச் சாக்கை மடித்து வைத்து, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, பக்கத்தில் குந்திப் பேசிக்கொண்டிருக்கிறான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா, முடியப் போகுது."

அவள் கண் முழித்து, வெட்கத்தில் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்னைய என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"டூக்குக்குச் செய்றதைத்தான் செஞ்சேன். தண்ணி குடிக்கிறியா? பசிக்குமே?"

"டூக்குன்னா யாருங்க?"

"தொரை நாயி."

பாக்கியம் சாவிக்கொத்தாலேயே அவன் முட்டியில் ஒன்று போட்டாள். நன்றாகத்தான் விழுந்தது. அந்த நேரமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சின்னம்மா விடவில்லை. "ஏமாத்திக் கட்டிட்டானுங்க! நாளைக்கே மூட்டையக் கட்டி லுணுகலைக்கு அனுப்புடா!" என்று வாசலில் நின்று லயத்துக்கே கேட்கக் கத்தினாள். ஆனால் வலிப்பு என்ற சொல்லை மட்டும் கத்தவில்லை. மானம் போய்விடும் என்று, "இவளுக்குச் சீக்கு, சீக்கு" என்றுதான் கத்தினாள்.

அதுக்குச் சின்னராசா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை, எல்லாம் வெளியான பிறகு லயம் இன்றைக்கும் சொல்லும். "ஆத்தா, தொரை நாயி விழுந்து எழும்புனா மாட்டிறைச்சி போட்டு வச்சிருக்காரு. எம் பொண்டாட்டி விழுந்து எழும்புனா நான் திருப்பி அனுப்பணுமா? தொரைய விட நான் மட்டமா?"

 சின்னம்மா வேறு வழி தெரியாமல் முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள்.

ஆனாலும் விசயம் வெளியே போகக்கூடாது. கங்காணிக்குத் தெரிந்தால், விழுகிற பிள்ளையை மலையில் நிறுத்தமாட்டேன் என்று கொழுந்து எடுக்கிறதிலிருந்து நிறுத்திவிடுவார். பேர் இல்லாதவளுக்கு அரிசி இல்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் சொன்னாலும் பொழுதுசாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஊசிக்கல் மலையோ சுவர் மாதிரி நிற்கும். அங்கே கூடையோடு விழுந்தால் பாறையில்தான் போய் நிற்கவேண்டும். பாக்கியம் கொழுந்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பங்களாவில் சின்னராசாவுக்குச் சோறு இறங்காது.

அடுத்த தடவை மிருக டாக்டர் வந்தபோது மெல்லக் கேட்டிருக்கிறான். "ஐயா, இந்தக் குளிசைய மனுசன் தெரியாத்தனமாத் தின்னுட்டா என்னங்க ஆகும்?"

"ஏன், நீ தின்னியா?"

"இல்லைங்க. நாயி துப்புறதைப் பொறுக்குறப்ப வாயில பட்டுருமோன்னுதான்."

"இது மனுசன் குளிசைதான். மனுசனுக்கு வலிப்புக்குக் குடுக்கிறதைத்தான் நாய்க்கும் குடுக்கிறோம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து டூக்குக்குப் பாதி, பாக்கியத்துக்குப் பாதி. சின்னராசா கவ்வாத்துக் கத்தியால்தான் குளிசையை இரண்டாக வெட்டுவான். மல்லி விதையை அரிவாளால் அறுக்கிற மாதிரி. பாதி எகிறிப் போய் எங்கேயாவது விழும். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். நான் சுவருக்கு மேலாக விளக்கைப் பிடிப்பேன்.

"ஏங்க, இது நாயி துப்புனது இல்லையே?" என்று பாக்கியம் தினமும் கேட்பாள்.

"சீச்சீ. புதுசுதான்" என்பான். நான் சத்தியம் செய்யமாட்டேன்.

பாக்கியத்துக்கு வலிப்புக் குறைந்தது, டூக்குக்குக் கூடிவிட்டது. துரை கேட்டார். "மருந்து குடுத்தும் ஏன் விழுது?" சின்னராசா தலையைச் சொறிந்து, "நாயி பெருசுங்க. குளிசை சின்னதுங்க" என்றான். மிருக டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார். இப்போது இரண்டு பேருக்கும் சரியான அளவு. நாய் நிமிர்ந்தது, பெண்டாட்டியும் நிமிர்ந்தாள். சின்னம்மா முனியாண்டிதான் காப்பாற்றினார் என்று சேவலை அறுத்தாள். துரையின் குளிசைக்கு முனியாண்டி சேவல் தின்றார். டூக்குக்குக் கழுத்தெலும்பு கிடைத்தது.

ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே ஓடிற்று. பாக்கியம் என் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுப்பாள். கை பறக்கும். "மதினி, இன்னிக்குத் தொரை நாய்க்கு இறைச்சி கெடைக்கலையாம், பங்களாவே எழவு வீடு" என்று கதை சொல்லிக்கொண்டே கூடையை நிரப்பிவிடுவாள்.

பிறகு நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. மாவு இல்லை, துணி இல்லை, வெளியூர்ச் சாமான் ஒன்றும் வருகிறதில்லை. கொழும்பிலிருந்து குளிசையும் வரவில்லை. போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்தது. சின்னராசா பதுளைக்குப் போய் ஜாபிர் நானாவின் கடையில் கேட்டான். பெரட்டுச் சட்டை முதல் பேதி மருந்து வரை விற்கிறவர் அவர். இவன் நீட்டிய பழைய போத்தல் தாளைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது யாருக்கு? மனுசனுக்கா, நாய்க்கா?"

"ரெண்டு பேருக்கும் நானா."

"ஒரே குடும்பமா?"

"ஒரு மாதிரி அப்படித்தான்."

நானா சிரிக்கவில்லை. "என்ட கடையில இது இல்லை தம்பி. ஆனா பெரியாஸ்பத்திரியில ஆளைக் காட்டினா சும்மா குடுப்பாங்க. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"அய்யோ நானா, வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்று சொல்லிவிட்டு இவன் பஸ் ஏறிவிட்டான். நாய்க்குக் கொடுக்கிற குளிசையைத் திருடுகிறதில் போகாத மானம் ஆஸ்பத்திரிக்குப் போனால் போய்விடுமாம். எங்கள் சனத்தின் மானம் அப்படியொரு மானம்.

அவன் வெறுங்கையோடு வந்து இறங்கின மறுநாளே, வீ.ஏ. துரை வருகிறார் என்று சேதி வந்துவிட்டது.

புருசனும் பெண்டாட்டியும் போத்தலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் காணாது. சின்னராசா, "நீ தின்னு. நாயி விதி நாயோட" என்றான். வாய்தான் சொன்னது, கண் அப்படிச் சொல்லவில்லை.

"கூறுகெட்ட மனுசா" என்றாள் பாக்கியம். "நாயி விழுந்தா தொரை சுட்டுருவாரு. நாயி செத்தா அப்புறம் கொழும்புலருந்து யாருக்குங்க குளிசை வரும்? எனக்கா? தொரைக்கு என்னையத் தெரியுமா? வீ.ஏ. வந்து போற வரைக்கும் எல்லாத்தையும் டூக்குக்கே போடுங்க. நான் காச்சல்னு சொல்லி வீட்லயே படுத்துக்கிறேன்."

"தரையில விழுந்தா அடிபடாது" என்றேன் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"ஒட்டுக் கேக்காத அக்கா!" என்றான் சின்னராசா.

டூக்கு முழு அளவில் தின்றது. ஆனால் வீ.ஏ. வருகிற அன்று விடியற்காலையில் அழகையா கங்காணி கம்பும் கையுமாக லயத்துக்கே வந்துவிட்டார். "இன்னிக்குக் காச்சல் இல்ல, பேதி இல்ல, பிள்ளைப்பேறும் இல்ல. நிரை நிரையா ஆள் நிக்கணும். வராத ஆளுக்கு இந்த மாசமே பேர் இல்ல!" பாக்கியம் போர்வைக்குள்ளிருந்து முனகினாள். கங்காணி கம்பால் கதவைத் தட்டினார். அவள் எழும்பி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை என் நிரைக்கு மேல்பக்கம் நிறுத்திக்கொண்டேன். விழுந்தால் என் மேல்தான் விழவேண்டும் என்று. எனக்குக் கீழ் நிரையில் சின்னம்மா. நான் கேட்கவில்லை, அவளே வந்து நின்றாள்.

வீ.ஏ. துரை வந்தார். பிடியை விரித்தால் சின்ன ஆசனமாகிற இரும்புக் கம்பு ஒன்று வைத்திருப்பார். அதை மண்ணில் குத்தி, அதன் மேல் பின்பக்கத்தை வைத்துக்கொண்டுதான் மலையைப் பார்ப்பார். அன்றைக்கும் எங்கள் நிரைக்குப் பக்கத்தில் குத்தி உட்கார்ந்தார். ஒரு பக்கம் கண்ணாடித் துரை, ஒரு பக்கம் கங்காணி, கொஞ்சம் தள்ளி சின்னராசா, அவன் கையில் டூக்கு. குளித்து, சீவி, மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. "நாய் இப்ப நல்லா இருக்கு" என்று கண்ணாடித் துரை இங்கிலீசில் சொல்லியிருக்கவேண்டும். வீ.ஏ. துரை சப்பாத்தை இழுத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

பாக்கியம் கதை சொல்கிறதை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். ஒரு கொழுந்தைப் பிடித்தபடி அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். உதட்டை நக்கினாள்.

"சின்னராசா!" என்று கத்தினேன்.

அவள் சாய்ந்துவிட்டாள். கூடை முதுகிலிருந்ததால் கொழுந்து மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்து, சறுக்கி, என் மேல் மோதி, நாங்கள் இரண்டு பேரும் சின்னம்மா மேல் போய் நின்றோம். சின்னம்மா நின்றாள் பாருங்கள், பாறை மாதிரி நின்றாள். அடுத்த நொடி, "இரும்பு! இரும்பு!" என்று கத்தினாள். அன்றைக்கென்று சாவிக்கொத்தைத் துரைசானி வாங்கி வைத்திருந்தாள். கொழுந்து எடுக்கிற பொம்பிளைகளிடம் இரும்பு ஏது? சின்னம்மா சுற்றிப் பார்த்தாள். அந்த மலையில் இருந்த ஒரே இரும்பு வீ.ஏ. துரையின் பின்பக்கத்துக்குக் கீழே இருந்தது.

ஒரே இழுப்பு. வீ.ஏ. துரை மல்லாக்கத் தேயிலைக்குள் போனார். கால் இரண்டும் மேலே. சின்னம்மா கம்பைக் கொண்டுவந்து மருமகள் கையில் திணித்து, "பிடி தாயி, பிடி தாயி, எஞ்சாமி, விட்டுறாத" என்று அழுதாள். திருப்பி அனுப்பச் சொன்ன அதே அங்கம்மாதான்.

கங்காணி யாரைத் தூக்குகிறதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். சின்னராசா நாயை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். கூடையைக் கழற்றி, ஒருக்களித்து, தலைக்குத் தன் தலைத்துண்டை வைத்து, "ஒண்ணுமில்லடா, முடியப் போகுது" என்று ஆரம்பித்தான். அவன் அப்படிப் பேசினால் அது தனக்குத்தான் என்று டூக்குக்கு நினைப்பு. அதுவும் வந்து பாக்கியத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

வலிப்பு விட்டது. பாக்கியம் கண்ணைத் திறந்தாள். ஆள் அடையாளம் இன்னும் தெரியவில்லை. துரை நிற்கிறது தெரியவில்லை. வாய் குழறிக் கேட்டாள்:

"ஏங்க... டூக்குக்கு என் குளிசையக் குடுத்தீங்களா?"

கங்காணி சுற்றுகிறதை நிறுத்தினார்.

"என்ன குளிசை?" என்றார் கண்ணாடித் துரை.

இனி மறைத்து என்ன? சின்னராசா குந்தியபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாதி பாதியாக வெட்டினதை, நாய் பெருசென்று பொய் சொன்னதை, இப்போது முழுசையும் நாய்க்கே போட்டதை. துரையின் முகம் சிவந்தது. "என் நாய் மருந்து திருடுறது! என் நாய்க்குப் பாதிதான் குடுக்கிறது!" என்று குதித்தார்.

தேயிலைக்குள் கிடந்த வீ.ஏ. துரை மெல்ல எழும்பி உட்கார்ந்து, என்ன விசயம் என்று கேட்டார். கூட வந்திருந்த கணக்கப்பிள்ளை இங்கிலீசில் சொன்னார். வீ.ஏ. துரை சின்னராசாவைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார், பக்கத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். பிறகு காற்சட்டைக்குள்ளிருந்து ஒரு தேயிலைக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார். இரண்டாவது வார்த்தை "ஜீப்".

ஜீப்பின் பின் ஆசனம் டூக்குடையது. அது முந்தி ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. ஆகவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் பாக்கியமும் டூக்கும் ஒன்றாகப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்டாராம், "எத்தனை வருசமா இருக்கு?" "சின்னதுலருந்துங்க." "அப்ப ஏன் இவ்வளவு நாளா வரல?" பாக்கியம் சின்னராசாவைப் பார்த்தாள், சின்னராசா கூரையைப் பார்த்தான். ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். மாசாமாசம் வந்து வாங்கிக்கொள்ளலாம், சல்லி இல்லை. பார்த்தால் அதே மல்லி விதை, அதே வெள்ளை. நாய்க்கு வராத குளிசை ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இவ்வளவு காலமாகத் தரையில் தவழ்ந்து தேடினதெல்லாம் எதுக்கு என்று பாக்கியம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தாளாம். பசறை தாண்டின பிறகு அழுதாளாம்.

தோட்டத்தில் தண்டனை வந்தது. சின்னராசாவுக்குப் பங்களா இல்லை, திரும்பவும் கவ்வாத்து. பாக்கியத்தை மலையிலிருந்து நிறுத்திவிட்டார் கங்காணி. இனி பேர் இல்லை. பயந்ததெல்லாம் நடந்துவிட்டது.

பங்களாவுக்குப் புது நாய்ப் பையனாக ஐம்பது வயது ஆளைப் போட்டார்கள். டூக்கு முதல் தடவை விழுந்ததும் அவர் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டார். இறக்க ஏணி வைக்கவேண்டியிருந்தது. குளிசை இல்லாமல் நாய்க்கு நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் ஒரு காலையில் பங்களாச் சமையல் அப்பு மூச்சிரைக்க லயத்துக்கு ஓடிவந்தார். "சின்னராசா, தொரை துப்பாக்கிய எடுத்துட்டாரு. பின்வாசல்ல நிக்கிறாரு. சுடவும் இல்ல, போகவும் இல்ல."

சின்னராசா போட்டதைப் போட்டபடி ஓடினான். பாக்கியம் குளிசைப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனாள். அவளைத் தனியே விடக்கூடாதென்று நான் போனேன். வேடிக்கை பார்க்கவும்தான்.

பங்களாவின் பின்வாசலில் துரை துப்பாக்கியோடு நிற்கிறார். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது. நாய் இப்போதுதான் விழுந்து எழும்பியிருக்கவேண்டும். சுவரில் முட்டி, வாளியில் முட்டி, சின்னராசாவின் சத்தம் கேட்டதும் நேராக அவன் காலுக்குள் வந்து தலையை விட்டுக்கொண்டது. துரை துப்பாக்கியைக் கீழே இறக்கினார்.

 பிறகு துரை பாக்கியத்தின் பக்கம் திரும்பாமல், சின்னராசாவைப் பார்த்துச் சொன்னார். "உன் பொண்டாட்டிக்கு... ஆஸ்பத்திரி... குளிசை குடுக்கிறது?"

"குடுக்குறாங்க தொரை."

"டூக்குக்குக் கொஞ்சம் குடுக்கிறது?"

சின்னராசா வாயைத் திறக்குமுன் பாக்கியம் முன்னால் வந்தாள். துரைக்கு முன்னால் அவள் பேசினது அதுதான் முதல் தடவை.

"குடுக்கிறேன் தொரை. டூக்குக்குத்தான் குடுக்கிறேன். இம்புட்டு நாளா அது எனக்குக் குடுத்துச்சு. ஆனா எனக்குப் பேர் வேணும். மலையில வேணாம். தவறணையில போடுங்க."

தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். மேசை மாதிரிச் சமதரை. விழுந்தாலும் மண்ணில்தான் விழவேண்டும். கங்காணிமாரின் சொந்தக்காரிகளுக்குத்தான் அங்கே வேலை கிடைக்கும். அழகையா கங்காணியின் கொழுந்தியா இரண்டு பேர் அங்கேதான் இருந்தார்கள்.

துரை நாயைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். "சரி" என்றார்.

"அப்புறம் எங்க வீட்டுக்காரரு..."

"சரி, சரி! அவனும் வாறது!"

பாக்கியம் போத்தலைத் திறந்தாள். சின்னராசா கத்தியைத் தேடினான். "கத்தி வேணாம்" என்று சொல்லிவிட்டு, குளிசையைப் பல்லில் வைத்துக் கடித்து, பாதியைத் தான் விழுங்கி, பாதியை எடுத்து டூக்கின் வாய்க்குள் போட்டாள். டூக்கு துப்பவில்லை. துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில், "இன்னும் லேசா வருதுங்க ஐயா, உடம்பு பெருசுங்க" என்று சொல்லி அளவைக் கூட்டி வாங்கினாள். அவள் உடம்பு குச்சி மாதிரி. யாரிடம் படித்தாள் என்று கேட்கவேண்டுமா?

எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. கண்ணாடித் துரை பெட்டியெல்லாம் லொறியில் ஏற்றினார். டூக்கை ஏற்றவில்லை. அது லயத்துக்கு வந்து, சின்னம்மாவின் கட்டிலுக்குக் கீழே குடியேறியது. சின்னம்மா அதைத் திட்டாத நாளில்லை, அதுக்குச் சோறு வைக்காத நாளுமில்லை. ஒரே காம்பராவில் விழுகிறவர்கள் இரண்டு பேர். ஆணியில் ஒரு சாவிக்கொத்து, யாருக்கு முதலில் தேவையோ அவர்களுக்கு.

டூக்கு வலிப்பில் சாகவில்லை, கிழமாகித்தான் செத்தது. சின்னராசா தவறணைக்குப் பின்னால் குழி வெட்டி, போகிற இடத்தில் தேவைப்பட்டால் இருக்கட்டுமென்று சாவிக்கொத்தை அதன் முன்னங்காலுக்கு அடியில் வைத்து மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். வந்து பார்த்தால் காம்பரா பூட்டியிருக்கிறது. புதைக்கப் போகும்போது அவனே பூட்டின சாவி அந்தக் கொத்தில்தான் இருந்தது.

"போய்த் தோண்டிட்டு வாங்க" என்றாள் பாக்கியம்.

அவன் அசையவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்து எங்கள் கவ்வாத்துக் கத்தியை வாங்கிப் போய், பூட்டை அவளே உடைத்தாள்.